வராத பிள்ளையின் கணக்கு

பள்ளி ஆண்டு விழா மலர்களைப் புரட்டினால் கட்டடம் எந்த ஆண்டு எழும்பியது, திறந்து வைத்த அமைச்சர் யார், தலைமையாசிரியர்கள் எந்த வரிசையில் வந்து போனார்கள் என்பதெல்லாம் கிடைத்துவிடும். இந்த மலரிலும் அவை உரிய பக்கங்களில் இருக்கின்றன. என்னிடம் "பிள்ளைகளைப் பள்ளி எப்படிப் பார்த்துக்கொண்டது என்று எழுதுங்கள்" என்றார்கள். அதற்குக் கல்வெட்டு கிடையாது. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒரு சமையல்கூடம் என்று நடக்கும் குப்பத்துப் பள்ளியில் அந்த வரலாற்றைத் தேட வேண்டிய இடம் வருகைப் பதிவேடுதான். குறிப்பாக, வராதவர்களின் கட்டங்கள்.

பழவேற்காடு ஏரியைப் பற்றி வெளியூராருக்குத் தெரிந்தது கொஞ்சம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை மட்டும் நம் பொன்னேரி வட்டத்தில். பூநாரை பார்க்க வருவார்கள். 1613-ல் டச்சுக்காரர் கட்டிய ஜெல்டிரியா கோட்டை இருந்த மேட்டையும், எலும்புக்கூடு செதுக்கிய வாசல் கொண்ட அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, இறால் வாங்கிக்கொண்டு போவார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், தண்ணீரைத் தாண்டி இடமணி, பசியாவரம் என்று சுற்றிலும் கிடக்கும் ஊர்களுக்குள் அவர்கள் நுழைவதில்லை. அங்கே ஒரு தொடக்கப் பள்ளி இருப்பது கண்ணில் படவும் படாது.

பெரியவர்கள் இன்னும் "போர்டு ஸ்கூல்" என்றே சொல்கிறார்கள். ஜில்லா போர்டு காலத்துப் பெயர். 1958-ன் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. அதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மீதி அரை நாள் பிள்ளை தகப்பன் தொழிலைப் பார்க்கலாம் என்றார்கள். குலக்கல்வி என்று எதிர்ப்புக் கிளம்பி, 1954-ல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது போனது. சட்டத்தில் போனதே தவிர, குப்பத்தில் அது எந்த உத்தரவும் இல்லாமல் முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. வலை உலர்த்த, இறால் தரம் பிரிக்க, கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டுக்குப் பிள்ளை வேண்டும். பள்ளியின் போராட்டமெல்லாம் அந்த இன்னோர் அரை நாளை மீட்பதற்குத்தான்.

அதற்கு முதலில் கிடைத்த ஆயுதம் சோறு. 1956-ல் ஊரார் நன்கொடையோடு மதிய உணவு தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசு மானியமும் சேர்ந்தது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டி, பெஞ்சு, கடிகாரம், சீருடை, அரிசி எல்லாவற்றையும் ஊர்க்காரர் கையாலேயே கொடுக்க வைத்தார். உள்நாட்டு ஊர்களில் நெல் களத்திலிருந்து மூட்டை வந்துவிடும். நெல் விளையாத குப்பத்தில் யார் கொடுப்பது? மீன் பட்டால் பணம், படாவிட்டால் கடன் என்று இருக்கும் ஊரில் நன்கொடைச் சோறு ஆண்டு முழுக்க நிலைத்து நிற்காது. 1961-ல் 'கேர்' அமைப்பின் அமெரிக்கப் பால் பவுடரும் மக்காச்சோளமும் எண்ணெயும் மதிய உணவுக்கு வரத் தொடங்கின. அந்தப் பாலின் வாசனை பிடிக்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததாகச் சொல்லாத பழைய மாணவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் குடித்தார்கள்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் கலோரியையும் சேர்க்கை விகிதத்தையும் எழுதுவார்கள். ஒரு சிறு பள்ளிக்கு அது கொண்டுவந்து சேர்த்த பெரிய உதவி வேறு. ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று மூன்று பேர் பள்ளிக்குள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்ததால், அநேகமாக அதே ஊர்ப் பெண்கள்.

இதன் அருமை புரிய, அதற்கு ஓராண்டு முன்னால் நடந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். நல்லதுதான், சம்பளம் நிலையானது, ஓய்வூதியம் வந்தது, ஒன்றியத் தலைவரின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கூடவே, ஆசிரியர் ஊரில் குடியிருக்கும் வழக்கமும் மெல்ல மெல்லக் குறைந்தது. பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் காலைப் பேருந்தில் வந்து மாலைப் பேருந்தில் போகிறவர் அவர். நான்கரை மணிக்கு மேல் ஊரில் நடப்பது அவருக்குத் தெரியாது. சமையல்கார அம்மாவுக்குத் தெரியும். யார் வீட்டில் நேற்று ராத்திரி அடிதடி, எந்தப் பிள்ளையின் தாய் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், யார் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அரிசி களையும்போதே அவர் வாயில் வந்துவிடும். தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுவதற்கு அந்தச் செய்தி போதும். தலைமையாசிரியர் கெட்டிக்காரராக இருந்தால் காலையில் முதலில் சமையல்கூடத்துக்குப் போய்விட்டுத்தான் வகுப்புக்குப் போவார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இல்லை. நான் பார்த்த வரையில், பிள்ளைகள் நல்லபடியாக இருந்த குப்பத்துப் பள்ளிகள் எல்லாம் இந்த ஒரு நடையை விடாத பள்ளிகள்.

இனி ஏரியின் கணக்குக்கு வருகிறேன். பள்ளிக்கு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஓர் ஆண்டு உண்டு. ஏரிக்கு வேறு ஆண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும் நாட்களில் இறால் வலைக்கு வேலை அதிகம். ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டுவது என்பதற்குப் 'பாடு' என்ற முறை இருக்கிறது; தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பட்டியலும் முறையும் வைத்துப் பங்கிட்டுக்கொள்வது. தன் வீட்டுக்குப் பாடு வரும் நாளில் வீடு முழுவதும் விழித்திருக்கும். இரவில் அப்பா ஏரியில். விடியும் முன் அம்மா கரையில் ஏலத்துக்கு. கூடையை எடுத்துக்கொண்டு முதல் பேருந்தைப் பிடித்தால்தான் மீன் கெடாமல் சந்தைக்குப் போகும். வீட்டில் மிஞ்சுவது ஆயாவும் பிள்ளைகளும். தலை வாரி, சட்டை மாட்டி, சாப்பிட வைத்து அனுப்பும் கை அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. மூன்றாம் வகுப்புப் பெண் இரண்டரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்பாள். ஒன்று இரண்டு பேரையும் உள்ளே விட வேண்டும், அல்லது இரண்டு பேரையும் இழக்க வேண்டும். விதிப்படி நடக்கும் ஆய்வாளர் வந்தால் தம்பியை அங்கன்வாடிக்கு அனுப்பச் சொல்வார். அங்கன்வாடி பக்கத்தில் இருந்து, திறந்தும் இருந்தால் அது சரியான யோசனைதான்.

ஏரி கடலைச் சேரும் முகத்துவாரம் மணல் மூடிக்கொள்வது இன்னொரு துன்பம். அது அடைபட்டால் உப்பும் தண்ணீரும் நிலைகுலைந்து இறால் வரத்துக் குறைகிறது, படகு கடலுக்குப் போகவும் வழியில்லை. அப்போது ஆண்கள் கூலிக்குக் கிளம்புகிறார்கள். சென்னைக் காசிமேட்டு விசைப்படகுகளில் ஆளாகப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001-ல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 ஆக நீண்டது. மீன் வளத்துக்கு அது தேவை என்பதில் சண்டையில்லை. ஆனால் பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரம் வீட்டில் கையிருப்பு சுத்தமாக வற்றிப்போன வாரம். புத்தகமும் சீருடையும் பையும் இலவசம் என்பதால் அந்த வாரம் தாண்டுகிறது. அந்தப் பொருட்கள் ஜூன் கடைசியில் வந்து சேரும் ஆண்டுகளில் முதல் வகுப்புக்கு வர வேண்டிய சில பிள்ளைகள் ஆடிக்குப் பிறகுதான் வருகின்றன. அரசு இலவசம் கொடுத்துக் கெடுக்கிறது என்று பேசுகிறவர்கள் ஒரு ஜூன் மாதம் இங்கே வந்து பார்க்கலாம்.

ராக்கெட் விடும் நாளும் பதிவேட்டில் தெரியும். 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. தீவில் இருந்த குடிகள் ஏவுதளத்துக்காக இடம்பெயர்ந்தார்கள். ஏவும் நாளில் அந்தக் கடற்பகுதிக்குள் படகு போகக் கூடாது. சந்திரயான்-3 கிளம்பிய 2023 ஜூலை 14 வெள்ளிக்கிழமை. நேரம் பிற்பகல் 2.35. நடு வகுப்பு நேரம். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தை வாசலில் நின்றே பார்க்கும் பாக்கியம், அவர்கள் அப்பாக்களுக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. இரண்டும் ஒரே வீட்டில்.

காலை உணவுத் திட்டத்தை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன விடியற்காலை ஓட்டையை அடைத்தது அதுதான். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தியது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், 2024 ஜூலை 15-ல், காமராஜர் பிறந்த நாளன்று. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்; தன் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நிபந்தனை. மிக யோசித்துப் போட்ட நிபந்தனை என்பேன். பொங்கலும் கிச்சடியும் சாம்பாரும் ருசியாக இருப்பதற்கு அதைவிட நல்ல உத்தரவாதம் எது? ஏரிக்கரையில் அதன் பலன் உள்நாட்டைவிட இரட்டிப்பு. தாய் ஏலத்தில் நிற்கும் நேரத்தில் பிள்ளைக்குச் சூடாக ஒரு தட்டு என்பது அவளுக்கும் நிம்மதி. முன்பெல்லாம் பதினொரு மணிக்குத் தலை சுற்றி மேசையில் சாய்கிற பிள்ளையைப் பார்த்து "கவனம் இல்லை" என்று எழுதிய ஆசிரியர்கள் உண்டு.

அடைபடாத ஓட்டை சாயங்காலத்தில் இருக்கிறது. நான்கு மணிக்குப் பள்ளி விடும். கூடைக்காரத் தாய் திரும்ப ஆறு, ஏழு ஆகும். இடையில் பிள்ளை எங்கே? தண்ணீர்க் கரையில். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்து மீனவர் கிராமம் ஒன்றில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அந்த நேரத்தை ஓரளவு நிரப்பியது. கொரோனாவில் விட்ட பாடத்தைப் பிடிப்பதற்காக வந்த திட்டம் என்றாலும், குப்பத்தில் அது முதலில் ஒரு பாதுகாப்பு. பன்னிரண்டாவது முடித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருபது பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்திருந்தாள் என்பதே பெரிய காரியம்.

விழா மலரில் எழுத வேண்டாம் என்று சிலர் நினைக்கக்கூடிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஏரிக்கரை என்றால் மீனவரான பட்டினவர் மட்டுமில்லை. பனையோலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்களின் வீடுகள் உண்டு. தலித் குடியிருப்புகள் உண்டு. வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் உண்டு. பாடு முறையின் பட்டியலில் இருளருக்கு இடமில்லை. பள்ளியின் பட்டியலில் இடம் உண்டு. ஆனால் வகுப்பில் அவர்கள் பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்தது, தண்ணீர்க் குடத்தை யார் தொட்டது, "நாத்தம்" என்று யார் சொல்லி யார் சிரித்தது என்பதெல்லாம் நம் எல்லாருக்கும் தெரியும். இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போனால், பிள்ளை பெயரை நீண்ட நாள் வராதவர் என்று அடித்துவிடுவது சுலபமாக இருந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபிறகு அப்படி அடிக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. சட்டம் கதவைத் திறந்தது. பக்கத்தில் உட்கார இடம் கொடுப்பதைப் பள்ளிதான் செய்ய வேண்டும். சேர்ந்து சாப்பிடும் பந்தியில் அது கொஞ்சம் நடந்திருக்கிறது. ஆசிரியரும் அதே வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பள்ளிகளில் வேகமாக நடந்தது.

அடுத்தது சாவு. சின்னப் பிள்ளைகள் பள்ளியில் இந்தச் சொல்லை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் கடலோரப் பள்ளியின் நலப்பணியில் பாதி இதுதான். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை என்பதால் பள்ளிகளில் பிள்ளைகள் இல்லை. அதன்பின் கடற்கரை மாவட்டங்களில் ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பிள்ளைகளின் துக்கத்தைக் கையாளப் பயிற்சி கொடுத்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் அதற்குக் கையேடு தயாரித்தது. படம் வரையவிடுங்கள், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அன்றாட ஒழுங்கைச் சீக்கிரம் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பது அதன் சாரம். மூன்றாவதுதான் இங்கே மிகவும் பலித்தது. மணி அடித்தது, பிள்ளைகள் வந்தார்கள், சோறு போட்டார்கள். ஏழாண்டு கழித்து 2011 கிறிஸ்துமஸ் நாளில் ஏரியில் படகு கவிழ்ந்து வெளியூரிலிருந்து வந்த ஒரே குடும்பத்து உறவினர் 22 பேர் இறந்தார்கள். உடல்களைத் தேடி எடுத்தவர்களில் நம் ஊர் ஆண்களும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் விடுமுறை முடிந்து வந்து என்ன விளையாட்டு விளையாடினார்கள் என்று கவனித்த ஆசிரியர் எத்தனை பேர்?

பெரிய சாவுகளுக்குப் பயிற்சியும் நிதியும் வரும். அப்பா ஒருவர் மட்டும் ஒரு நாள் கடலிலிருந்து திரும்பாத வீட்டுக்கு யாரும் வருவதில்லை. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று கிடைப்பது பெரும்பாடு. சட்டத்தின் பொது விதி ஏழாண்டு காத்திருக்கச் சொல்கிறது. வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் அரசுப் பள்ளி மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்பு வைக்கும் திட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியவர் தலைமையாசிரியர். ஆனால் சான்று இல்லாமல் அந்தக் கோப்பு நகராது. இந்த இடைக்காலத்தில் பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அப்பா இருப்பவனும் இல்லை, இல்லாதவனும் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மீன்வளத்துறைக்கும் அந்தத் தாயோடு நடந்த தலைமையாசிரியர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. அவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

பிரம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2003-ல் தமிழ்நாடு கல்வி விதிகள் உடல் தண்டனையைத் தடை செய்தன. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. "அடிச்சாவது படிக்க வையுங்க டீச்சர்" என்று பிள்ளையை ஒப்படைத்த தாய்மாரை மாற்றத்தான் அதிக நாள் ஆனது. இப்போது சுவரில் உதவி எண்களாக 1098-ம் 14417-ம் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்து, கைபேசியும் கைக்குக் கிடைக்கும் பிள்ளைக்கு அது உதவும். ஆறு வயதுப் பிள்ளை தன்னிடம் யாரோ தப்பாக நடந்ததைச் சொல்வது பெரும்பாலும் சமையல்கூட வாசலில்தான். ஆகவே போக்சோ சட்டம் பற்றிய பயிற்சி ஆசிரியருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கேட்ட செய்தியை ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோய்ப் பஞ்சாயத்துப் பேசக் கூடாது, காவல்துறைக்குச் சொல்வது சட்டக் கடமை, 1098-க்கும் சொல்லலாம் என்று அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு பலமாக உள்ள குப்பங்களில் இதைச் சொல்வது எளிதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது வருகை கைபேசிச் செயலியில் ஏறுகிறது. வந்தார், வரவில்லை, இரண்டே பதில். பழைய காகிதப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் "பாடு", "அம்மா ஆஸ்பத்திரி", "சூளை", "மழை, கூரை" என்று கிறுக்கிவைத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். மேலதிகாரி கண்ணுக்கு அது அழுக்கு. அந்த ஓரங்களைப் படித்தால் எந்த மாதத்தில் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று தெரியும். செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; சென்னையில் இருப்பவருக்கு எண்ணிக்கை வேண்டும்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வேண்டியது காரணம். குழுத் தலைவராக ஒரு தாய் இருக்கிறார். கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி பேசி முடித்த பிறகு, அந்த மாதம் ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயரையும் காரணத்தையும் வாய்விட்டு வாசிக்காமல், தலைவரும் தலைமையாசிரியரும் சமையலரும் மட்டும் உட்கார்ந்து பேசலாம். கால் மணி நேரம் போதும்.

கடைசியாக ஐந்தாம் வகுப்பு முடிப்பவர்கள். தொடக்கப் பள்ளியின் பொறுப்பு மாற்றுச் சான்றிதழோடு முடிகிறது என்பது விதி. தீவு ஊர்களிலிருந்தும் ஏரியின் அக்கரையிலிருந்தும் பெரிய பள்ளிக்குப் போக நடையும் படகும் பேருந்தும் வேண்டியிருந்தது. பிள்ளைகள், அதிலும் பெண்கள், நின்றுபோனது பெரும்பாலும் ஆறாம் வகுப்பு வாசலில்தான். பையன்கள் ஏழு, எட்டில் வலைக்குப் போனார்கள். சில தலைமையாசிரியர்கள் மே மாதத்திலேயே பெற்றோரோடு போய் உயர்நிலைப் பள்ளியில் பெயர் எழுதிவிட்டு, ஜூலையில் ஒரு முறையும் பொங்கல் கழித்து ஒரு முறையும் அங்கே போய்த் தங்கள் பழைய பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்கள். பயணப்படி கிடைக்காத வேலை. இந்த ஆண்டு முடிக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் செய்ய இரண்டு பேர் வேண்டும். பழைய மாணவர் சங்கத்தில் பெயர் கொடுக்கலாம்.